மரம் இருக்கிறது, பேர் சொல்லத்தான் ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜவ்வாது மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்புவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ரோட்டில் ஏறலாம், வண்டியை எங்கே நிறுத்தலாம், ஜமுனாமரத்தூரில் எங்கே சாப்பிடலாம், பீமன் அருவியில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், காவலூரில் தொலைநோக்கி என எல்லாம் சரியாகவே இருந்தது. குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் அந்த மலையில் இருக்கிற காட்டைப் பற்றிக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு வரிதான், "இயற்கை எழில் கொஞ்சும்" என்று. எந்த மரம், எந்தப் பறவை என்று ஒன்றும் இல்லை. எழுதியவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் போன வருடம் வரை இது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. போன ஜூலையில் ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டுக்குப் போய்வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது, அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையர். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் சேர்ந்தேன், 1989இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள், 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடி பிரித்தார்கள், மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது, நான் அளவுச் சங்கிலியோடு அதே வயல், அதே மலை என்று சுற்றிக்கொண்டிருந்தேன். மகளும் மருமகனும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கெய்ர்ன்ஸ் என்ற ஊரில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் பேரனைப் பார்க்கப் போனபோது, "மாமா, ஒரு நாள் டெயின்ட்ரீ காட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்று மருமகன் ஒரு வேன் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டார். காலை ஆறரைக்குக் கிளம்பி ராத்திரி ஏழுக்குத் திரும்புகிற பயணம். காடு பார்க்கக் காசு கொடுத்து ஆளோடு போவதா என்று மனசுக்குள் நினைத்தேன், வெளியே சொல்லவில்லை.

கெய்ர்ன்ஸிலிருந்து வடக்கே ரோடு கடலை ஒட்டியே போகிறது. வலது பக்கம் கடல், இடது பக்கம் மலை, நடுவில் ஒரு வண்டித்தடம் அளவுக்கு ரோடு என்று சில இடங்களில். அப்புறம் மாஸ்மன் பக்கம் கரும்புத் தோட்டங்கள். எங்கள் பக்கத்து அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போன காலத்தைப் பார்த்த எனக்கு அது வெளிநாடு மாதிரியே இல்லை. கரும்பு முடிகிற இடத்தில் சட்டென்று காடு நிற்கிறது. 10 கோடி வருடத்துக்கு மேல் மழைக்காடாகவே இருந்துவருகிற இடம், உலகத்தின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று என்று வேன் ஓட்டியவர் சொன்னார். ஓட்டுநரும் அவரே, வழிகாட்டியும் அவரே, மத்தியானம் சாப்பாடு பரிமாறியதும் அவரே. வேலூரில் ஒரு வருடத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருடம் என்கிறோம், அங்கே கடற்கரையில் அதைப்போல நான்கு மடங்கு பெய்கிறதாம்.

முதலில் மாஸ்மன் பள்ளத்தாக்கில் இறக்கினார்கள். அங்கே நடத்திக் கூட்டிப்போவது அந்த மண்ணின் பூர்வகுடிகள், குகு யலஞ்சி மக்கள். எங்களுக்கு வந்தவர் முப்பது வயது இருக்கும் ஒரு இளைஞர். ஆரம்பத்தில் இலைதழை போட்டுப் புகைமூட்டி எல்லோரையும் அதைச் சுற்றி நடக்க விட்டார், கெட்டது அண்டாமல் இருக்க. என் மனைவி சாம்பிராணிப் புகைக்குக் காட்டுவதைப் போலத் தலையை முன்னே நீட்டி முந்தானையால் வாங்கிக்கொண்டாள், அந்தப் பையனுக்கு ஒரே சந்தோஷம். அவர்களிடத்திலும் வயதானவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், ஆங்கிலேயர் பழக்கம் அல்ல, அவர்களுடைய பழக்கமே அது. வேனில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் என்னை அங்கிள் என்றார்.

ஒரு ஓடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து கூழாங்கல்லை எடுத்தார். ஒன்று மஞ்சள், ஒன்று செங்காவி, ஒன்று வெள்ளை. பாறையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசினார், நம் வீட்டில் குழந்தைக்கு வசம்பு உரசுகிற மாதிரியே, மணிக்கட்டைச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக. வந்த குழம்பை விரலால் தொட்டுப் பேரன் கையில் கோடு போட்டுவிட்டார். அப்புறம் ஒரு மரத்திலிருந்து நாலு இலை பறித்து என் கையில் வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னார். நுரை வந்தது! பூந்திக்கொட்டைக்கு வருகிற மாதிரி. என் மனைவி உடனே தமிழில், "இது அரப்பு மாதிரி இருக்குங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை, ஆனால் தலையாட்டினார்.

நடக்க நடக்க அவர் மரத்தைப் பார்க்கிற விதம் எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இந்தப் பூ பூத்தால் அந்த உணவு தயார், இந்த மரம் இருந்தால் இங்கே தண்ணீர் இருக்கும், அந்தக் காயை அப்படியே தின்றால் சாவு, ஆனால் நாள் கணக்கில் ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டால் சோறு. யாரைப் போல என்று யோசித்துக்கொண்டே போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கிருந்து டெயின்ட்ரீ ஆறு. ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கட்ட முடியாமல் இல்லை, கட்டவில்லை. ஒரு தட்டையான படகு, இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருகிறது, வேன், கார், லாரி எல்லாம் அதில்தான் ஏற வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது கடக்க. பாலம் வேண்டும் என்று ஒரு கூட்டமும், வந்தால் காடு போச்சு என்று ஒரு கூட்டமும் அங்கே வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்களாம். படகுக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு உள்ளூர்க்காரர் எரிச்சலோடு ஹாரன் அடித்தார், அதைக் கேட்டதும் எனக்கு வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசல் ஞாபகம் வந்துவிட்டது.

ஆற்றிலேயே வேறொரு சின்னப் படகில் ஒரு மணி நேரம் கூட்டிப்போனார்கள், முதலை பார்க்க. நமக்கு முதலை என்றால் சாத்தனூர் அணைப் பண்ணைதான், பள்ளிக்கூடச் சுற்றுலா போகாதவர் இந்தப் பக்கத்தில் யார்? சாத்தனூரில் இருப்பது சதுப்பு முதலை, நன்னீரில் வாழ்வது. டெயின்ட்ரீயில் இருப்பது உவர்நீர் முதலை, செம்மூக்கு முதலை என்றும் சொல்வார்கள், கடலிலும் நீந்தும், உலகத்திலேயே பெரிய ஊர்வன இதுதான். ஜூலை அங்கே குளிர்காலம். குளிரில் முதலை தண்ணீருக்குள் இருக்காது, கடல் வற்றத்தின்போது ஆற்றோரச் சேறு வெளியே தெரியும், அதில் ஏறி வெயில் காயும், அதனால் வற்றத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று படகுக்காரர் சொல்லிக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சேறு, வேர், ஒரு பழைய கட்டை. அந்தக் கட்டைக்குக் கண் இருந்தது. வாய் லேசாகத் திறந்தே இருந்தது, உள்ளே மஞ்சளான வெள்ளை, ஓரத்தில் ஒரு பல் உடைந்து பாதி. முதுகில் சேறு காய்ந்து வெடித்து, ஏரி வற்றினால் வெடிக்குமே அந்த மாதிரி. நாலு மீட்டருக்கு மேலே, நாலரைக்குள்ளே என்று மனசுக்குள் அளந்தேன். படகுக்காரர், "நாலு மீட்டர் முப்பது" என்றார். முப்பத்தைந்து வருடம் அளந்த கண் இன்னும் கெடவில்லை.

முட்டையில் ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடுதான் தீர்மானிக்கிறது என்றும், ஒரு கூட்டில் ஐம்பது முட்டை இருந்தாலும் நூற்றில் ஒன்றுகூடப் பெரிய முதலையாக வளர்வதில்லை என்றும், தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் அழியப்போன இனத்தை 1974இல்தான் குயின்ஸ்லாந்தில் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள் என்றும் சொன்னார். இரண்டு வருடம் கழித்து 1976இல் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரோமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணை ஆரம்பித்தார் என்று நான் சொன்னேன். அந்தப் படகுக்காரருக்கு விட்டேக்கர் பேர் தெரிந்திருந்தது. சென்னை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, விட்டேக்கரைத் தெரிகிறது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்தப் படகில் நடந்தது. கரையோரம் ஒரு மரத்தைக் காட்டி, இதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், இதற்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்று பேர், என்றார். அங்கங்கே சில இலைகள் சிவந்து உதிரத் தயாராக இருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தில்லை! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே, தில்லைவனம், பிச்சாவரத்தில் சுரபுன்னையோடு நிற்குமே, அதே தில்லை. நான் வடஆற்காட்டுக்காரன், உப்பங்கழி பார்த்து வளர்ந்தவன் இல்லை, ஆனால் ஒரு முறை பிச்சாவரத்தில் படகு தள்ளியவர் இதே மரத்தைக் காட்டி, "பால் பட்டா கண்ணு போயிடும் சார், கைய வைக்காதீங்க" என்று இதே வார்த்தையைச் சொல்லியிருந்தார். மருமகனை விட்டு இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன், எங்கள் ஊரில் நடராஜர் ஆடுவது இந்த மரக்காட்டில்தான் என்று. படகே திரும்பி அந்த மரத்தைப் பார்த்தது. பேர் தெரிந்த மரம் என்றால் அயல் நாட்டில்கூட அது சொந்தக்காரர் மாதிரி. பேர் தெரியாவிட்டால் வெறும் பச்சை.

ஆற்றைக் கடந்து ஏறினால் அலெக்சாண்ட்ரா மலைத்தொடர், மேலே ஒரு இடத்தில் நிறுத்தி ஆற்றின் முகத்துவாரத்தைக் காட்டுகிறார்கள். மலைச் சரிவில் சிவப்புக் காயம் மாதிரி மண் தெரிந்தது. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் என்ற புயல் வந்து நின்று பெய்ததில் மலை சரிந்து ரோடே போய்விட்டது, மாதக்கணக்கில் மூடியிருந்தது, என்றார் ஓட்டுநர். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு மின்வாரியக் கம்பியே கிடையாது. ஆற்றோடு சரி. வீட்டுக்கு வீடு சூரியத் தகடு, ஜெனரேட்டர். அதைக் கேட்டு என் மனைவி, அப்போ கரண்ட் போயிடுச்சின்னு யாருக்குப் போன் பண்ணுவாங்க என்று கேட்டாள்.

இங்கேதான் என் தொழிலைத் தொட்ட கதை வருகிறது. ரோட்டோரம் அங்கங்கே சின்னச் சின்னக் கிளைப் பாதைகள், சில இடத்தில் ஒரு பழைய பலகை. என்ன என்று கேட்டேன். 1980களின் தொடக்கத்தில் இந்தக் காட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளாகப் பிரித்து விற்றுவிட்டார்களாம், சர்க்கார் அனுமதியோடு. உலகத்திலேயே பழைய காட்டில் பிளாட்! வாங்கினவர்களில் பாதிப்பேர் தூரத்து ஊர்க்காரர்கள், முதலீடு என்று வாங்கிப்போட்டவர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. சர்வேயர் இல்லாமல் மனை பிரிக்க முடியுமா? யாரோ ஒருத்தன், என்னைப் போல ஒருத்தன், பிரம்புக் கொடியை வெட்டிக்கொண்டு போய் அந்த மரங்களுக்கு நடுவில் கல் நட்டிருக்கிறான். இப்போது அரசாங்கமும் காடு காக்கிற அமைப்புகளும் அந்த மனைகளை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துத் திருப்பி வாங்கிக் காட்டோடு சேர்க்கிறார்கள், நாற்பது வருடமாகியும் முடியவில்லை. ஒரு நாளில் போடுகிற உட்பிரிவை அழிக்க ஒரு தலைமுறை ஆகிறது. கலவை, ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று இந்தப் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் கலர்க் கலராகக் கல் நட்ட மனைகளைப் பார்க்கிற வாசகர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

1983 டிசம்பரில் வடக்கே இன்னும் ஒரு ரோடு போட புல்டோசர் வந்தபோது, ஜனங்கள் மரத்தில் ஏறி உட்கார்ந்தும் கழுத்தளவு மண்ணில் தங்களைப் புதைத்துக்கொண்டும் மறித்திருக்கிறார்கள். ரோடு கடைசியில் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தத்தில்தான் நாடே திரும்பிப் பார்த்து, மாநில அரசு எதிர்த்தும்கூட 1988இல் இந்தக் காடெல்லாம் உலகப் பாரம்பரியச் சொத்தானது. கடலில் இருக்கிற பவளத்திட்டு அதற்கு முன்பே, 1981இல். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடம்தான் நாங்கள் போய் நின்ற முனை.

அதற்கு முன் காசோவரியைச் சொல்லிவிடுகிறேன், பேரன் கோபித்துக்கொள்வான். ஆள் உயரப் பறவை, பறக்காது, கறுப்பு உடம்பு, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒரு தொப்பி, காலில் உள்விரல் நகம் பிச்சுவாக் கத்தி. வழியில் வேகத்தடைக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை, யாரோ அதில் கிறுக்கி, நிற்கிற காசோவரி, அப்புறம் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற காசோவரி என்று மாற்றியிருந்தார்கள், அது ரொம்பப் பிரபலமான பலகையாம். பறவையைப் பார்ப்பதற்கு முன் நாங்கள் பார்த்தது அதன் எச்சத்தை. மார்ஜா என்ற இடத்தில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், நம் காலே மண்ணில் படாது. அந்தப் பாதை ஓரத்தில் ஒரு முறம் அளவுக்குக் குவியல், ஊதா நிறம், முழுசு முழுசாகக் கொட்டைகள், சிலது எலுமிச்சை அளவு. ஓட்டுநர் குச்சியால் கிளறிக் காட்டினார், என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கொட்டை உள்ள பழத்தை முழுசாக விழுங்கித் தூரத்தில் கொண்டுபோய் எருவோடு நடுகிற வேலையைச் செய்ய அந்தக் காட்டில் இதை விட்டால் பெரிதாக வேறு ஆள் இல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட வகைச் செடிகளுக்கு இதுதான் விதைக்காரன்.

பிறகு, கேட்டால் நம்ப மாட்டீர்கள், அரை மணி கழித்து ரோட்டிலேயே ஒன்று. பின்னால் ஒரு குஞ்சு, கோடெல்லாம் மங்கிப்போன பழுப்பு. ஓட்டுநர் வேனை அணைத்துவிட்டு, யாரும் இறங்காதீர்கள், அது அப்பா, என்றார். அம்மா எங்கே என்றான் பேரன். முட்டை போட்டதோடு அம்மா வேலை முடிந்தது, அடைகாப்பதும், ஒன்பது மாதம் வரைக்கும் கூட்டிக்கொண்டு அலைவதும் அப்பாதான். வேனில் இருந்த பெண்களெல்லாம் கைதட்டினார்கள். என் மகள் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பலகைப் பாதையில் பார்த்தது இன்னும் நிறைய. ஒரு மரத்தை இன்னொரு அத்திமரம் கட்டிப்பிடித்து நெரித்து நிற்கிறது, அதற்கு எல்லோரும் படம் எடுத்தார்கள், நமக்கு அது புதுசே இல்லை, பனைமரத்து உச்சியில் காக்கா போட்ட ஆலவிதை முளைத்துப் பனையை விழுங்குவதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறோமே. இதய வடிவ இலையோடு ஒரு செடி, தொட்டால் கண்ணாடி ஊசி மாதிரி மயிர் ஏறி மாதக்கணக்கில் வலிக்குமாம், நம் காஞ்சொறியின் பெரியப்பா. மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்த பச்சை எறும்பைப் பிடித்து ஓட்டுநர் பின்பக்கத்தை நக்கிக் காட்டினார், எலுமிச்சைப் புளிப்பு. அது நம் மாமரத்து முசுறுதான், அதே இனம், இங்கே சிவப்பு, அங்கே வயிறு பச்சை, அவ்வளவே. பேரன் நக்கினான், நான் நக்கவில்லை. பாதை போகப்போக மரம் குட்டையாகி, தரை சேறாகி, வேர்கள் ரிப்பன் மாதிரி நெளிந்து, உப்பு வாசம் வந்து, காடு அப்படியே அலையாத்தியாக மாறியதை எங்கே மாறியது என்று கோடு கிழிக்கவே முடியவில்லை, எல்லை போட்டே பிழைத்த எனக்கு அது ஒரு தண்டனை.

கடைசியில் கேப் டிரிபுலேஷன், துன்ப முனை. கேப்டன் குக்கின் கப்பல் 1770 ஜூன் 11 இரவு பவளத்திட்டில் ஏறி ஓட்டையானது, ஆறு பீரங்கியைக் கடலில் தள்ளிக் கனம் குறைத்துத் தப்பினார்கள், பவளத் துண்டு ஒன்று ஓட்டையிலேயே மாட்டிக்கொண்டு அடைத்ததால் பிழைத்தார்கள், அந்த எரிச்சலில் வைத்த பேர். அப்படி ஒரு பேருக்குச் சம்பந்தமே இல்லாத கரை. மலைக்காடு நேரே மணலில் இறங்குகிறது. மணல் முழுக்கக் கடுகு உருண்டை மாதிரி லட்சக்கணக்கில் மணல் உருண்டைகள், ஒரு நடுவிலிருந்து கதிர் கதிராக, மார்கழிக் கோலம். கட்டைவிரல் நகம் அளவு நண்டு ஒவ்வொன்றாக உருட்டிப் போடுகிறது, மணலை வாயில் போட்டுச் சத்தை எடுத்துக்கொண்டு மீதியை உருட்டி வைக்கிறது. மிதிக்க மனசில்லாமல் நானும் மனைவியும் ஓரமாகவே நடந்தோம். குளிக்கக் கூடாது, முதலை வரும் என்று ஆங்கிலத்தோடு ஜெர்மனும் சீனமும் சேர்த்துப் பலகை. நவம்பரிலிருந்து மே வரைக்கும் கடலில் கொட்டுகிற சொறிமீன் வேறு, அதற்கென்று கரையிலேயே வினிகர் பாட்டில் நட்டு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான கடலில் காலைக்கூட நனைக்காமல் திரும்பினோம்.

சரி, அந்தக் குகு யலஞ்சிப் பையன் யாரைப் போல இருந்தார் என்பதற்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜவ்வாது மலையில் அளவைக்குப் போனபோது சங்கிலி பிடிக்க மலையாளி என்ற நம் மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். நான் படத்தைப் பார்த்து எல்லைக் கல்லைத் தேடுவேன், அவர் மரத்தைப் பார்த்து நிற்பார். "அந்தக் கடுக்கா மரத்துல ஆரம்பிச்சு இந்த இலுப்பை வரைக்கும் எங்க பெரியப்பாரு சாமைக் காடு சாமி, கல்லு இங்கதான் இருக்கும்" என்பார். தோண்டினால் கல் இருக்கும். சந்தன மரம் தனியாக நிற்காது, பக்கத்து மரத்து வேரில் வாய் வைத்து உறிஞ்சித்தான் வளரும் என்று எனக்குச் சொன்னவர் அவர், பின்னாளில் புத்தகத்தில் படித்தேன், சரியாகவே இருந்தது. வேங்கைப் பட்டையை வெட்டினால் ரத்தம் மாதிரி வருவதைக் காட்டியவரும் அவரே. அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருடம் ஆகிறது. நான் அதில் கால்வாசிகூட எழுதி வைக்கவில்லை.

இரண்டு வருடம் முன்னால் பேரன் லீவுக்கு வந்தபோது நம் பக்கத்து அருவி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். நுழைவுச் சீட்டு கிழித்த தம்பியிடம் அங்கே நிற்கிற பெரிய மரத்தைக் காட்டிப் பேர் கேட்டான். "தெரியாது, போட்டோ எடுத்துக்கோ தம்பி" என்றார். அது மருதமரம், எனக்கே தெரியும், ஆனால் அவன் கேட்டது அவரிடம். எச்சரிக்கைப் பலகை இருந்தது, கட்டணப் பலகை இருந்தது, மரத்தின் பேர் எழுதின ஒரு தகரம் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 தடங்களுக்கு உள்ளூர் ஆட்களையே பழக்கி வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அது ஏறக்கூடியவர்களுக்கு. என் முழங்காலுக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது சரிப்படாது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. அமிர்தியிலோ ஜமுனாமரத்தூர் பக்கத்திலோ ஒரு கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம், மெதுவாக ஒரு மணி நேரம் நடக்கிற தடம், கூட மலைக்காரப் பிள்ளைகளில் ஒருவர். சனி, ஞாயிறு மட்டும் போதும். பத்துப் பேருக்கு மேல் கூட்டிப்போக வேண்டாம். எந்த மரம் எதற்கு, எந்தக் காய் எப்போது, தேன் எங்கே கட்டும், சாமை எப்படி விளையும் என்று அவர் வீட்டில் கேட்டதைச் சொன்னால் போதும். மாஸ்மனில் அந்தப் பையனும் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றும் நடத்தவில்லை, பாட்டி சொன்னதைத்தான் சொன்னார். அதற்குக் காசும் கொடுத்தோம், மனசார. ஒன்று மட்டும், அங்கே 2021 செப்டம்பரில் டெயின்ட்ரீ தேசியப் பூங்காவையும் சேர்த்து 1,60,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தைக் கிழக்குக் குகு யலஞ்சி மக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் அந்தப் பையன் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி நடந்தார். நம் மலைப் பிள்ளைகளைச் சீட்டு கிழிக்கவும் குப்பை பொறுக்கவும் மட்டும் நிறுத்தினால் அந்த நடை வராது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. கோயிலுக்குச் சாமி 1981இல் திரும்பி வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டு ஓடியதை நானே புதுப்பாலத்தில் நின்று பார்த்தேன். மலைக்கு மட்டும் அந்தப் பேர் அப்படியே நிற்கிறது, ஊரைச் சுற்றி நிற்கிற மொட்டைப் பாறைகளைப் பார்த்துச் சொன்னது ஜவ்வாதுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே மரம் இருக்கிறது ஐயா, நான் சங்கிலி பிடித்து அந்த மலையை அளந்தவன்.

உங்கள் நிருபரை ஒரு நாள் அனுப்புங்கள், மலையில் யார் யாருக்கு எது தெரியும் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். வனத்துறையோ பஞ்சாயத்தோ யாராவது முன்வந்தால் அந்த ஒரு கிலோமீட்டரை அளந்து, மரம் மரமாகப் படம் போட்டுத் தர நான் தயார், பைசா வேண்டாம். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க மட்டும் அந்த ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.